காரம் குறைச்சல்... ருசி தூக்கல்! காங்கேயம் அடுப்பில் இறால் - காய்கறி ‘பாயில்’

ஞாயிற்றுக்கிழமை என்றால் காங்கேயம் பக்கத்து வீடுகளில் வெள்ளாட்டுக்கறியோ, நாட்டுக்கோழியோ கொதிப்பதுதான் வழக்கம். எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்க 150 கிலோமீட்டருக்கு மேல் பயணிக்க வேண்டிய ஊர் இது. இப்போது ஐஸ் பெட்டியில் இறால் இங்கேயும் வந்து இறங்குகிறது. ‘ஆசையா வாங்கினேன், ரப்பர் மாதிரி ஆயிடுச்சு’ என்ற புலம்பலும் கூடவே வருகிறது. காரணம், கறி சமைத்துப் பழகிய கை. ஆட்டுக்கறி வேக வேகப் பூப்போல ஆகும். இறாலுக்கோ 3 நிமிடமே போதும். அதைத் தாண்டினால் இறுகிவிடும்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ‘ஷ்ரிம்ப் பாயில்’ பிரபலம். இறால், உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் வேகவைத்து, மேஜையில் கொட்டி, குடும்பமே சுற்றி நின்று சாப்பிடும். அங்கே மசாலாவில் காரம் தூக்கல். பேரன் முதல் பாட்டி வரை ஒன்றாகச் சாப்பிட, காரத்தைக் குறைத்து, நம் ஊர் முருங்கைக்காயும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து இப்படிச் செய்யலாம்.

வாங்கும்போது கவனியுங்கள்

ஓடு பளபளப்பாக, சதையோடு ஒட்டி இருக்க வேண்டும். தலை கழன்று தொங்கினாலோ, அமோனியா போல நெடி அடித்தாலோ வேண்டவே வேண்டாம். உறைந்த இறால் என்றால் முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். சமையல் மேடையில் மணிக்கணக்கில் வைத்து இளக்காதீர்கள். இளகியதை மறுபடி உறைய வைக்கவும் கூடாது.

தேவையானவை (4 பேருக்கு)

முழு இறால் - முக்கால் கிலோ
சிறிய உருளைக்கிழங்கு - 6 (பாதியாக நறுக்கியது)
ஸ்வீட் கார்ன் - 2 (துண்டுகளாக)
முருங்கைக்காய் - 1
கேரட் - 2
சின்ன வெங்காயம் - 15
பூண்டு - 8 பல்
தட்டிய இஞ்சி - சிறு துண்டு
இடித்த மிளகு - 1 டீஸ்பூன்
மஞ்சள்தூள் - கால் டீஸ்பூன்
கல் உப்பு - 2 டீஸ்பூன்
தேங்காய் எண்ணெய் - 3 டீஸ்பூன்
எலுமிச்சை - 1
கறிவேப்பிலை, கொத்தமல்லித்தழை - சிறிதளவு

செய்முறை

இறாலின் தலை, ஓட்டை நீக்கி, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை எடுத்துவிட்டுக் கழுவி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். தலையையும் ஓட்டையும் குப்பையில் போடாதீர்கள். ருசியே அதில்தான் இருக்கிறது. நன்றாகக் கழுவி, ஒரு டீஸ்பூன் எண்ணெயில் சிவக்கும்வரை வதக்கி, ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றி 15 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள்.

இந்தச் சாற்றில் இஞ்சி, பூண்டு, மிளகு, மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை போட்டுக் கொதி வந்ததும் உருளைக்கிழங்கு, சோளம், வெங்காயம் சேருங்கள். 8 நிமிடம் கழித்து முருங்கைக்காய், கேரட். இன்னும் 7 நிமிடத்தில் எல்லாம் வெந்திருக்கும். உருளைக்கிழங்கில் கத்தி சுலபமாக இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியாக இறாலைப் போடுங்கள். இனி அடுப்பை விட்டு நகர வேண்டாம். 2 முதல் 3 நிமிடத்தில் சாம்பல் நிறம் மாறி, இளஞ்சிவப்பாகும். ஆங்கில ‘சி’ எழுத்துபோல் வளைந்தால் வெந்துவிட்டது. ‘ஓ’ போல் சுருண்டால் அதிகம் வெந்துவிட்டது.

உடனே வடித்து, வாழை இலையில் கொட்டி, மீதி எண்ணெய், எலுமிச்சைச் சாறு, கொத்தமல்லி சேர்த்துப் பரிமாறுங்கள். லூசியானா பாணியில் செய்தித்தாள் விரிக்க வேண்டாம். அச்சு மையில் உள்ள ரசாயனங்கள் உணவில் கலக்கும் என்பதால், செய்தித்தாளில் உணவு வைக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே எச்சரித்திருக்கிறது. காரம் கேட்பவர்களுக்கு மிளகுத்தூளைத் தனியாக வைத்துவிட்டால் சண்டை வராது.

இதை மறக்காதீர்கள்

இறால் சிலருக்கு ஒவ்வாமை தரும். கடல் உணவு அதிகம் புழங்காத ஊரில், அப்படி ஒரு ஒவ்வாமை இருப்பதே முதல் முறை சாப்பிடும்போதுதான் தெரியவரும். குழந்தைகளுக்கு முதலில் ஒரு சிறு துண்டு மட்டும் கொடுத்துப் பாருங்கள். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் என ஏதாவது தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்; மூச்சுத்திணறல் என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.

ஒவ்வாமை இருப்பது ஏற்கெனவே தெரிந்தவருக்கு, ‘இறாலை ஒதுக்கிட்டுக் காயை மட்டும் சாப்பிடு’ என்று சொல்லாதீர்கள். ஒவ்வாமை தரும் புரதம் கொதித்தாலும் அழிவதில்லை. சாற்றில் இறங்கி, காயிலும் ஏறியிருக்கும். அவர்களுக்கு வேறு பாத்திரத்தில், வெறும் தண்ணீரில் காயை வேகவைத்து, தனிக் கரண்டியால் பரிமாறுங்கள்.

மீதமான சாறு?

கீழே ஊற்றிவிடாதீர்கள். அடுப்பை அணைத்ததும் அரை கப் கெட்டித் தேங்காய்ப்பால் சேர்த்தால், யாழ்ப்பாணத்துச் சொதியின் வாசம் வரும். அன்று ராத்திரி சுடச்சுடச் சந்தகை பிழிந்து, இதை மேலே ஊற்றிக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த ஞாயிறும் இறால்தான் வேண்டும் என்பார்கள்!