டியூப் இல்லாச் சக்கரம் நமக்கு ஏற்றதா?

தில்லியில் சைக்கிள் வைத்திருக்கும் தமிழ் மாணவர்களுக்குப் பொதுப் பகை ஒன்று உண்டு. நம் ஊரில் சீமைக் கருவேலம் என்றும், இங்கே விலாயதி கீக்கர் என்றும் வழங்கும் மரத்தின் முள்ளே அது. ரிட்ஜ் காட்டை ஒட்டிய பாதைகளில் அம்முள்ளுக்குத் தப்பிய டயர் அரிது. ஆகவே, “டியூபை எடுத்துவிட்டு டியூப்லெஸ் ஆக்கிவிடு, தொல்லை ஒழியும்” என்ற பேச்சு விடுதிகளில் எழுவதில் வியப்பில்லை. ஆனால், உதவித்தொகையை எண்ணி எண்ணிச் செலவிடும் நாம், அதற்குச் செவி சாய்க்குமுன் சற்றே சிந்திக்க வேண்டாமா?

முதலில் நன்மையைச் சொல்லிவிடுவோம். டியூப் இல்லாத டயருக்குள் ரப்பர்ப்பால் கலந்த திரவம் ஊற்றப்படுகிறது. முள் குத்தியதும், வெளியேறும் காற்றோடு அத்திரவம் துளைக்கு விரைந்து உறைந்து அடைத்துக்கொள்கிறது. ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கிக் கிழிய அங்கே டியூபே இல்லை. ஆதலால் காற்றைச் சற்றுக் குறைத்தும் ஓட்டலாம். கரடுமுரடான பாதையில் பிடிப்பு கூடும். 1999இல் மாவிக், மிஷெலின், ஹட்சின்சன் ஆகிய பிரெஞ்சு நிறுவனங்கள் மலைப்பாதைச் சைக்கிளுக்கு இம்முறையை வகுத்தது வீணன்று.

ஆனால் நாம் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்குகிறோம். அதன் வார்ப்புச் சக்கரத்தில் கம்பித் துளை இல்லை. நம் சைக்கிள் ரிம்மிலோ பெரும்பாலும் 32 முதல் 40 வரை துளைகள். அத்தனையையும் காற்றுப் புகாத நாடாவால் அடைத்தாக வேண்டும். அடைத்துவிட்டோம் என்றே கொள்வோம். டயரின் விளிம்பு என்னாவது? இதுவரை காற்றைக் காத்தது டியூப். இனி ரிம்மோடு இறுகப் பொருந்தி அந்த விளிம்பே காக்க வேண்டும். இதற்கென்றே செய்த ரிம்மில் விளிம்பு அமர மேடையும், நழுவாதிருக்கத் தடுப்பும் உண்டு. நம்மில் பலர் ஓட்டும் 28 அங்குல இரும்பு ரிம்மில் அவை இல்லை. 50 ராத்தல் அழுத்தம் என்றால் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் 50 ராத்தல் என்று பொருள். திருப்பத்தில் விளிம்பு நழுவினால் காற்று நொடியில் போய்விடும். பின்னால் பேருந்து வந்துகொண்டிருந்தால் போவது காற்று மட்டுமா?

அத்திரவமும் சில மாதங்களில் உலர்ந்துவிடும். தில்லிக் கோடையில் இன்னும் விரைவாக. விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புகிறவர் மீண்டும் வாங்கி ஊற்ற வேண்டும். பெரிய கிழிசல் விழுந்தாலோ, வழியில் பழையபடி டியூபைத்தான் நாட வேண்டும்.

ஆகவே என் கருத்து இது: ரிம், டயர் இரண்டிலும் ‘டியூப்லெஸ் ரெடி’ என்ற குறிப்பு இருந்தால் தாராளமாக மாற்றுங்கள். இல்லையேல் அப்பணத்தில் ஒரு பகுதிக்கு நல்ல டயரும், இரண்டு லீவரும், உப்புத்தாளும், சொல்யூஷனும், ஒட்டும் வாங்குங்கள். வாயுக்களின் விதிகளைத் தேர்வில் பிழையின்றி எழுதும் நமக்கு, டியூபை நீரில் அமிழ்த்திக் குமிழி பார்க்கத் தெரியாதிருப்பது பெருமையா? சொல்யூஷன் காயும்வரை பொறுக்காமல் ஒட்டுவதும், டயரில் தைத்த முள்ளை எடுக்காமல் டியூபை மட்டும் மாட்டுவதும்தானே மறுநாள் பஞ்சருக்குக் காரணம்?

மரத்தடிப் பஞ்சர்க்காரர் பகலில் இருப்பார். இரவு பத்து மணிக்கு ஆய்வகத்திலிருந்து திரும்பும் தோழிக்கு யார் துணை? இந்தி அறியாமல் வந்து சேர்ந்த முதலாண்டுத் தம்பி யாரிடம் கேட்பான்? நம் சங்க அறையில் ஒரு பம்பும் ஒட்டுப் பெட்டியும் வைப்போம். ஒரு ஞாயிறு மாலை அனைவரும் கூடி அந்த வேலையைக் கற்போம். செயற்குழு இதை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.