தொலைவில் ஒரு பாண்டா, அருகில் ஓர் அணில்

தென்கொரியாவின் எவர்லேண்ட் விலங்குக் காட்சிச்சாலையில் 2020 ஜூலை 20 அன்று ஃபூ பாவோ என்னும் பாண்டாக் குட்டி பிறந்தது. 2024 ஏப்ரலில் அது சீனாவுக்கு அனுப்பப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் மழையில் நின்று கண்ணீருடன் விடைகொடுத்தனர். அதன் பிறந்தநாளைக் கடலுக்கு இப்பாலிருந்தே கொண்டாடுவோர் உண்டு. நேரில் காணாத விலங்குக்கு வாழ்த்து எதற்கு என்று சிலர் நகைக்கலாம். நான் அவ்வாறு கருதவில்லை.

பிறந்தநாள் ஓர் அறிவியல் குறிப்பும் ஆகும். பிறக்கும்போது பாண்டாக் குட்டியின் எடை சுமார் 100 கிராம். தாயின் எடையில் ஏறத்தாழ 900-இல் ஒரு பங்கு! அது எந்த வயதில் கண் திறக்கிறது, எப்போது மூங்கில் தின்னத் தொடங்குகிறது என்பதெல்லாம் பிறந்த நாள் தெரிந்தால்தானே விளங்கும்? ஆனால், வாழ்த்து மட்டும் ஓர் இனத்தைக் காப்பாற்றிவிடாது. 2016-இல் 'அழியும் நிலை'யிலிருந்து ஒரு படி மேலான 'பாதிப்புக்குள்ளாகும் நிலை'க்குப் பாண்டா மாற்றப்பட்டது என்றால், அதன் மூங்கில் காடுகள் பாதுகாக்கப்பட்டதே முக்கியக் காரணம்.

இப்போது மேற்கே திரும்பிப் பாருங்கள். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அரணாக நிற்கும் மலையில் சாம்பல் நிற அணில் வாழ்கிறது. தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர, உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. இதற்காகவே 1988-இல் இங்கு ஒரு சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதி.

இந்த அணிலுக்குத் தனிப்பெயர் இல்லை. பிறந்தநாளும் யாருக்கும் தெரியாது. பெயருள்ள விலங்கின் மீது அன்பு எளிதில் பிறக்கிறது; பெயரில்லாததை நாம் மறந்துவிடுகிறோம். அந்த மறதிக்கு அணில் கொடுக்கும் விலை பெரிது. அது பெரும்பாலும் தரையில் இறங்காமல், கிளைக்குக் கிளை தாவியே செல்லும். மரங்களின் தலைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் இலைகளாலும் சுள்ளிகளாலும் கூடு கட்டும். இடையில் சில மரங்களை வெட்டினால் போதும், அதன் பாதை அறுந்துவிடும். காட்டில் மட்டுமல்ல, அடிவாரத்து மாந்தோப்பிலும் இதுவே நிலை.

மாணவ நண்பர்களே! ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் 8 வரை வனவிலங்கு வாரம். அதில் ஒரு நாளை நம் அணிலின் பிறந்தநாளாக வைத்துக்கொள்வோமே! ஆசிரியருடன், வனத்துறையின் அனுமதி பெற்று, செண்பகத்தோப்புப் பக்கம் சென்று பாருங்கள். நாள், நேரம், மரத்தின் பெயர், கூடு இருந்த உயரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். தின்பண்டம் வீசாதீர்கள், கூட்டை நெருங்காதீர்கள். பாண்டாவைத் தொலைவிலிருந்து நேசிக்கக் கற்ற நமக்கு இது கடினமா என்ன? காட்டு விலங்கை நேசிக்கச் சரியான இடம் சற்றுத் தொலைவுதான். தோப்பு வைத்திருக்கும் உறவினர் இருந்தால், கிளைகள் கோத்து நிற்கும் மரங்களை வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அணிலுக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறில்லை.