பிணமானால் படிப்பார்கள்



நாலு சனிக்கிழமை ராத்திரியாக மருத்துவ மாணவர்கள் சிலரோடு வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஆட்களை எனக்குத் தெரியும் என்பதால் வழிகாட்டக் கூப்பிட்டார்கள். ஒரு பையில் பஞ்சு, கட்டுத்துணி, சொறிக்குப் பூசுகிற மருந்து, பிரஷர் பார்க்கிற கருவி. கூடவே ஒரு டாக்டர். அவர் சொல்லாமல் ஒரு மாத்திரை கொடுப்பதில்லை என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். சரிதான். ஏழை உடம்பில் கை பழகுவது இங்கே புதிதா என்ன?

மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர். சர்க்கரை; காலில் ஆறு மாசப் புண். முதல் வருஷப் பையன் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக் கழுவினான். அவர் காலை இழுத்துக்கொண்டார். "வேணாம் தம்பி, படிக்கிற புள்ள இதத் தொடக்கூடாது." ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். "தள்ளி நிக்கச் சொன்னாங்க. சீட்டுல எழுதிக் குடுத்தாங்க." தொடாமலே வைத்தியம்! அந்தப் பையன் நம்மவனா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

அவன்தான் பிறகு சொன்னான்: "அண்ணே, இவங்கள நாங்க மொதல்ல பாத்தது அனாடமி ஹால்லதான்." தெருவில் செத்து, கேட்க நாதியில்லாத உடலைக் கல்லூரிக்குக் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. பிரிட்டனில் 1832இல் போட்ட சட்டமும் இதே ஜாதிதான். ஏழை விடுதியில் செத்தவன் உடம்பு கத்திக்குப் போனது. 1836இல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்ததைப் புரட்சி என்கிறார்கள். பிணம் தீட்டு என்றவனுக்கு அது புரட்சி. காலங்காலமாகத் தூக்கியவனுக்கும் சுட்டவனுக்கும் அதில் என்ன புதுசு? இன்றும் பிணவறையில் சுத்தியலும் உளியும் பிடிக்கிற கை பெரும்பாலும் யாருடையது? செத்த பிறகு நரம்பு நரம்பாகப் பேர் சொல்லிப் படிக்கப்படுகிற உடம்புக்கு, உயிரோடு இருக்கையில் சீட்டில் எழுத ஒரு விலாசம் கிடையாது.

பெண்களிடம் மாணவிகள் பேசினார்கள். நிறையப் பேருக்கு நீர்க்கடுப்பு. "தண்ணி நெறயக் குடிங்கம்மா" என்றாள் ஒருத்தி. "குடிச்சா எங்க போறது கண்ணு? ராத்திரி கக்கூசப் பூட்டிடுறான்." அந்த மாணவி நோட்டில் மருந்தின் பேருக்குக் கீழே 'கக்கூஸ்' என்று எழுதிக்கொண்டாள்.

காசநோய்க்கு மருந்து இலவசம். ஆறு மாசம் விடாமல் தின்ன வேண்டும். ஆறு மாசம் ஒரே இடத்தில் படுக்க யார் விடுகிறார்கள்? போலீஸ் விரட்டும், மழை விரட்டும். கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் கொட்டினால், சோறு போடுகிற வேலை இங்கே; திரும்பித்தானே ஆக வேண்டும்? லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. அடுத்த வருஷக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க வீடற்றவர்கள் 17.7 லட்சம் பேர்.

"இது தர்ம காரியம், அரசாங்கத்தைத் தப்பவிடுகிறீர்கள்" என்று நம் தோழர் ஒருவர் கோபித்தார். நியாயமான கோபம். ஆனால் அமெரிக்காவில் கருஞ்சிறுத்தைகள் 1970இலிருந்து கிளைதோறும் இலவச மருத்துவமனை திறக்கச் சொன்னார்கள். டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் வந்து உழைத்தார்கள். கறுப்பு மக்களைத் தின்ற அரிவாள் செல் சோகைக்கு ரத்தம் சோதித்தார்கள். அதே கட்சிதான் 1972இல் இலவச மருத்துவத்தைத் தன் வேலைத்திட்டத்தில் கோரிக்கையாகவும் வைத்தது. அதே 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பிறந்தார்கள். பேரை எடுத்துக்கொண்டோம். மருத்துவமனையை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? இதை எங்களையும் சேர்த்தே கேட்கிறேன்.

குழுமூர் அனிதா 1200க்கு 1176 வாங்கியும் 2017இல் நீட் அவளுக்குக் கதவைச் சாத்தியது. அந்தச் செப்டம்பரில் அவளை இழந்தோம். இந்தக் குழுவில் அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீதத்தில் வந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். நடைபாதையில் அவள் யாரிடமும் விலாசம் கேட்பதில்லை. "நேத்து எங்க படுத்தீங்க?" என்றுதான் தொடங்குகிறாள்.

போன சனிக்கிழமை பெரியவரைக் காணோம். மூட்டையும் இல்லை. பக்கத்தில் படுப்பவர்களுக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை பிணவறைப் பதிவேட்டைப் பார்க்கப் போவதாக அந்தப் பையன் சொல்லியிருக்கிறான். நானும் போகிறேன்.