பழைய சோற்றில் இல்லாத பி12

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில் காலை நடைக்குச் செல்வோருக்கு உணவு குறித்த அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. முருங்கைக்கீரைச் சாறு, கைக்குத்தல் அரிசி, சுருள்பாசி மாத்திரை என ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவ விளக்கம் உண்டு. என்னுடன் நடக்கும் நண்பர் ஒருவருக்குச் சில மாதங்களாகப் பாதம் மரத்துப்போகிறது. அதற்காக நாள்தோறும் பழைய சோறு உண்கிறார். அதில் பி12 வைட்டமின் நிறைந்திருப்பதாகக் கட்செவி அஞ்சலில் வந்ததாம். நீரிழிவுக்குப் பல்லாண்டுகளாக மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொள்பவர் அவர்.

நம் முன்னோர் உணவில் 'பி' வைட்டமின்கள் இருந்தன என்பது உண்மையே. தவிடில்லாத அரிசியை விரும்பி உண்ட நாடுகளில் பெரிபெரி நோய் பரவியபோது, ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் ஐக்மன், தீட்டிய அரிசி உண்ட கோழிகள் நோயுறுவதையும், தவிடு நீங்காத அரிசி உண்டவை நலமடைவதையும் கண்டார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சென்னை மாகாணத்தில் இந்நோய் மிகுந்திருந்தது வடக்கே தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில்தான். புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளில் அது அரிது. 1920-களில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் இது குறித்து ஆராய்ந்தார். அவர் தொடங்கிய ஆய்வுக்கூடமே பின்னர் ஹைதராபாதுக்குச் சென்று, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின், அதாவது பி1, அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதன்பின் தீட்டினாலும் ஓரளவு எஞ்சும். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் குடித்தவர்கள், நீரில் கரைந்து போவதையும் மீட்டுக் கொண்டார்கள்.

ஆனால் பி1-க்குப் பொருந்துவது பி12-க்குப் பொருந்தாது. பி12-ஐ எந்தத் தாவரமும் உருவாக்குவதில்லை. சிலவகை நுண்ணுயிர்கள் மட்டுமே உருவாக்குகின்றன. சோற்றை நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்களை நம்பி அதை எதிர்பார்க்க முடியாது. சுருள்பாசியில் இருப்பதாகச் சொல்லப்படுவதும் பெரும்பாலும் மனித உடலுக்குப் பயன்படாத போலி வடிவமே. கீரையில் ஃபோலேட் தாராளம். ஆனால் பி12 குறைந்தவருக்கு ஃபோலேட் மட்டும் கிடைத்தால் ரத்தசோகை சீராகிவிடும், நரம்புச் சேதமோ சத்தமின்றித் தொடரும். மெட்ஃபார்மினை நெடுங்காலம் உட்கொண்டால் பி12 உடலில் சேர்வதே குறையக்கூடும். என் நண்பருக்குத் தேவை சோறு அன்று, ரத்தப் பரிசோதனை.

அரசு இக்குறையை அறியாமல் இல்லை. நியாயவிலைக் கடைகளில் வழங்கப்படும் செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகிய மூன்றும் சேர்க்கப்படுகின்றன. நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலக்கப்படும் அந்த மணிகளைத்தான் நம் மக்கள் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிகிறார்கள். அவை அரிசி மாவால் ஆனவை. இத்திட்டத்தை 2028 டிசம்பர் வரை தொடர 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு 17,082 கோடி ரூபாய்.

கணக்குப் பார்ப்பது என் தொழில். ஒரு கிலோ அரிசியில் சேர்க்க வேண்டிய பி12 அதிகபட்சம் 1.25 மைக்ரோகிராம். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒருவருக்கு மாதம் 5 கிலோ, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 167 கிராம். அதில் கிடைப்பது 0.2 மைக்ரோகிராம். வளர்ந்தவரின் அன்றாடத் தேவையோ இரண்டு மைக்ரோகிராமுக்கும் மேல். பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. அதிலும் சமையலில் சிறிது போய்விடும். ஒரு குவளைப் பால் இதைப்போல் நான்கு மடங்கு தருகிறது. ஒரு முட்டையும் இதைவிட அதிகமே.

இங்கேதான் பொருளாதாரம் குறுக்கிடுகிறது. எங்கள் மாவட்டத்தில் நெல்லும் உண்டு, கறவை மாடும் உண்டு. ஆலையில் நீக்கிய தவிடு மாட்டுக்குப் போகிறது. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் பி12-ஐ உருவாக்குகின்றன. அது பாலில் வருகிறது. அந்தப் பாலை விடியற்காலையில் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றிவிட்டு, கடுங்காப்பி குடிக்கும் குடும்பங்களை நான் அறிவேன். பால் அவர்களுக்கு உணவன்று, வருமானம். அவர்களிடம் போய்ச் சத்துணவின் அருமையைப் பேசுவது அழகல்ல.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் உண்டு, பால் இல்லை. ஒரு குழந்தைக்கு 150 மில்லி என்று கொண்டால், லிட்டர் 40 ரூபாய் விலையில் ஆறு ரூபாய் ஆகும். 20 லட்சம் குழந்தைகள், 220 பள்ளி நாள்கள் என்றால் ஆண்டுக்கு 264 கோடி. சிறிய தொகையன்று. ஆனால் அதில் கணிசமான பகுதி மாடு வளர்ப்போருக்கே திரும்பிச் செல்லும்.

முதியோர் நிலை வேறு. வயது ஏற ஏற உணவிலுள்ள பி12-ஐப் பிரித்தெடுக்கும் வயிற்றின் திறனே குறைகிறது; பால் மட்டும் போதாமல் போகலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். அதே பணியாளர், ஆண்டுகளாக மெட்ஃபார்மின் பெறுவோரிடம் பாத மரப்பு உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். உண்டு என்பவருக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பி12 பரிசோதனையும், குறைவிருந்தால் மாத்திரையோ ஊசியோ இலவசமாகக் கிடைக்க வேண்டும். மாத்திரையின் விலை அதிகமில்லை. நரம்பு ஒருமுறை பழுதானால் முழுமையாகச் சீராகும் என்று உறுதி சொல்ல முடியாது. என் நண்பர் வரும் திங்கள்கிழமை ரத்தம் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். பழைய சோற்றை விடமாட்டாராம். விட வேண்டியதும் இல்லை.