உடைவதற்கும் நிதி ஒதுக்குங்கள்

அடுத்த ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50 ஆயிரம் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட் அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் அந்த ஆய்வகங்களில் எத்தனை, திறப்பு விழாவுக்கு அடுத்த ஆண்டும் மாணவர்களின் கைபட்டு அழுக்காகியிருக்கும் என்ற கேள்விக்கு நிதி ஒதுக்கீட்டிலேயே பதில் இருக்க வேண்டும்.

நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் 2016-ல் தொடங்கிய இத்திட்டத்தில் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. ஆய்வகத்தை அமைக்க 10 லட்சம், ஐந்தாண்டு நடத்தும் செலவுக்கு 10 லட்சம். ஆறாம் வகுப்பு மாணவிக்கும் 3டி பிரிண்டர், சென்சார், அர்டுயினோ பலகை எல்லாம் எட்டும் தூரத்தில் வருகின்றன. அறையை நடத்துபவரோ, ஏற்கெனவே தன் பாடவேளைகளோடு மல்லுக்கட்டும் ஓர் ஆசிரியர். ஐந்தாண்டு முடிந்த பிறகு சென்சாரும் பிரிண்டருக்கான இழையும் யார் செலவில் வாங்குவது?

இதைவிடப் பெரிய தடை பலர் கண்ணில் படுவதில்லை. பள்ளி ஆய்வகத்தின் சாவி ஏன் எப்போதும் பத்திரமாக இருக்கிறது என்று அறிவியல் ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். இருப்புப் பதிவேட்டைக் காட்டுவார்கள். ஒரு லென்ஸ் உடைந்தால், ஒரு மல்டிமீட்டர் புகைந்தால், தணிக்கையின்போது விளக்கம் எழுத வேண்டியவர் பொறுப்பாசிரியர். மாணவர்களின் கையில் கொடுத்தவருக்குத் தலைவலி, பூட்டி வைத்தவருக்கு நற்பெயர். இந்த ஏற்பாட்டை மாற்றாமல் எத்தனை லட்சத்துக்குக் கருவி வாங்கினாலும், பிள்ளைகள் அவற்றைக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார்கள்.

மாற்றுவழி நம் நாட்டிலேயே முப்பது ஆண்டுகள் நடந்து காட்டியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையம் என்ற இரு அமைப்புகள் அரசின் ஒப்புதலோடு தொடங்கியதை, பின்னர் ஏகலவ்யா என்ற அமைப்பு முன்னெடுத்தது. மாணவர்கள் சிறு குழுக்களாக அமர்ந்து தாங்களே சோதனை செய்தார்கள். பாடநூல் கேள்வியைக் கேட்டது, விடையைச் சொல்லவில்லை. தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, வகுப்பில் சறுக்கிய இடங்களைப் பேசித் தீர்த்தார்கள். கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா 1978-ல் இங்கு வந்துதான் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ரப்பர் குழாயையும் இணைத்து வடிவியல் உருவங்கள் செய்யும் வழியைக் கண்டார். உடைந்தால் அழ வேண்டாத கருவிகள் அவை. 2002-ல் மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்தியது இந்தியப் பள்ளிக்கல்விக்கு நேர்ந்த பெரிய இழப்புகளில் ஒன்று என்றே கருதுகிறோம்.

தமிழ்நாட்டின் வானவில் மன்றம் அந்த மரபுக்கு அருகில் நிற்கிறது. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய இத்திட்டம், 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கானது. கருத்தாளர்கள் சோதனைப் பொருட்களோடு பள்ளி பள்ளியாகப் போகிறார்கள். கட்டடத்தை நம்பாமல் மனிதர்களை நம்பியது இதன் சிறப்பு. ஆனால் கருத்தாளர்கள் எழுநூறு பேர் அளவில்தான். ஒருவருக்குப் பதினெட்டுப் பள்ளிகளுக்குமேல் வந்தால், ஒரு பள்ளிக்கு மாதம் ஒரு முறை போவதே பெரும்பாடு. இவர்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குங்கள். தற்காலிக மதிப்பூதியம் போதாது, நிலையான ஊதியம் கொடுங்கள்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் நடக்கும் ஒருநாள் பயிலரங்குகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காலையில் ரோபோ ஓடுகிறது, பிள்ளைகளின் முகம் மலர்கிறது, மாலையில் கருவிகள் வேனில் ஏறிப் போய்விடுகின்றன. அந்த மலர்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மறுநாள் அதே பிள்ளை மோட்டாரைத் திருப்பி இணைத்துப் பார்க்க நினைத்தால் கையில் எதுவும் இல்லை என்பதுதான் வருத்தம். கருவிகளைப் பள்ளியில் விட்டுச் செல்வதும், ஓராண்டுக்காவது திரும்பத் திரும்ப வருவதும் அனுமதிக்கான நிபந்தனைகளாக வேண்டும்.

விதிகளைத் தளர்த்தினால் பணம் வீணாகும் என்று நிதித்துறை அஞ்சலாம். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. எனவேதான் தணிக்கையே வேண்டாம் என்று சொல்லாமல் அதன் கேள்வியை மாற்றச் சொல்கிறோம். கம்பி, பேட்டரி, மின்தடை, வேதிப்பொருள் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு இருக்கட்டும். மாணவர் பயன்பாட்டில் உடைந்ததை ஆசிரியரும் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டுப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் பள்ளிக்கே இருக்கட்டும். ஆண்டு முடிவில் பெட்டி பிரிக்கப்படாமல் முழுசாக இருக்கும் பள்ளியிடம்தான் ஆய்வு அலுவலர் விளக்கம் கேட்க வேண்டும். 50 ஆயிரம் ஆய்வகங்களுக்கான கொள்முதல் ஆணைகள் போவதற்கு முன்பே இந்த விதிகளைப் பள்ளிக்கல்வித் துறை அரசாணையாக வெளியிட வேண்டும்.