இரவல் வாங்கிய கருவி

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்னும் பழமொழியை அறியாத மாணவர் இரார். அதற்குப் பொருள் எழுதச் சொன்னால் எல்லோரும் எழுதிவிடுவர். ஆயினும், புல்லை ஆயுதமாக்கும் அந்த வல்லமை எங்ஙனம் வருகிறது என்று கேட்டால் நம்மிற் பலர் விழிப்போம். இதற்கு விடை தேடி 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் நாம் ஆலங்குடாவிற்குச் சென்றோம் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அது முழு உண்மையன்று. ஓர் இரவற் பொருளைத் திருப்பிக் கொடுக்கவே சென்றோம். விடை அங்கே தானாகக் கிடைத்தது.

ஆலங்குடா, கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் உள்ள சிற்றூர். புத்தளத்திலிருந்து பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதியிற் சென்றால், ஒரு புறம் புத்தளக் களப்பு, மறு புறம் பெருங்கடல். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கியே வழிப்போக்கருக்கு அடையாளம். மண் என்று சொல்ல இயலாத வெண்மணலிலே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பச்சைப்பசேலென்று நிற்கின்றன. கிணற்று நீரை இறைக்கும் இயந்திரங்களின் ஓசை எந்நேரமும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இயந்திரம் இருக்கும் ஊரிலே, அதைப் பழுதுபார்ப்பவரும் இருந்தாக வேண்டுமன்றோ? அத்தகைய ஒருவரைக் காணவே நாம் சென்றோம்.

அவரை நாம் சிறு வயதில் யாழ்ப்பாணத்தில் "நானா" என்று அழைத்தோம். சோனகத் தெருவிற்கு அண்மையில் அவருக்கு ஒரு சிறு கராஜ் இருந்தது. எம் தந்தையார் ஓர் எழுதுவினைஞர். அவரிடம் ஒரு பழைய மொறிஸ் மைனர் கார் உண்டு. வேலைக்காரரை வைத்துக் கட்டுப்படியாகாத நிலையில், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக் கொட்டகையிலேயே அதனைக் கழற்றிப் பூட்டுவார். இல்லாத கருவிகளை நானாவிடம் இரவல் வாங்கி வரும் வேலை எம்முடையது.

1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம். குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலம். வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்திலே மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இம்முறையில் வண்டி ஓடும். ஆனால் முழுதும் எரியாத எண்ணெய் கரியாகப் படியும். பிஸ்டனின் ஓரமாக வழிந்து, மசகெண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்யும். எங்கள் காரின் வால்வுகளிலும் கரி படிந்துவிட்டது. வால்வைக் கழற்ற வேண்டுமானால் அதன் வலிய சுருள்வில்லை அமுக்கிப் பிடிக்க ஒரு கருவி வேண்டும். நானா தம் கையால் செய்த கருவியைத் தந்தார். "ஞாயிறு வேலை முடிய, திங்கள் கொண்டு வாங்கோ தம்பி" என்றார்.

அந்த ஞாயிறு வேலை முடியவில்லை. அடுத்த ஞாயிறும் முடியவில்லை. ஒக்ரோபர் 30ஆம் நாள், யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் ஆயுதம் தாங்கியோரின் ஆணைப்படி இரண்டு மணி நேரத்துள் வெளியேற வேண்டியதாயிற்று. வட மாகாணம் முழுவதிலுமிருந்து அக்காலத்தில் வெளியேற்றப்பட்டோர் 70,000 பேருக்கும் மேற்பட்டோர். கட்டிய துணியும் சிறிது பணமுமே அவர்களுடன் சென்றன. நானாவின் கராஜில் இருந்த கருவிகள் என்னவாயினவோ, யாரும் அறியார். எங்கள் கொட்டகையில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. அயலவராகிய நாங்கள் அன்று வாயடைத்து நின்றோம் என்பதையும் இங்கே எழுதாமல் விடுதல் நேர்மையாகாது.

சரியாக ஐந்தாண்டுகளின் பின், 1995ஆம் ஆண்டு அதே ஒக்ரோபர் 30ஆம் நாள், நகரத்தையும் வலிகாமத்தையும் விட்டு நாங்களும் மழையில் நடந்தோம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது காரைக் காணவில்லை. பரணில், சாக்கிலே சுற்றிய கருவி மட்டும் கிடந்தது. தந்தையார் அதனைத் துடைத்து எண்ணெய் பூசினார். அதன்பின் ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று எங்கள் புத்தகங்களோடும் அரிவாளோடும் அதுவும் பூசையில் இருந்தது. "அது அவருடைய சாமான், துருப்பிடிக்க விடக்கூடாது" என்பார். வீதி திறந்தது, போர் முடிந்தது, தந்தையாரும் காலமானார். நாமோ கூச்சத்தாலும் சோம்பலாலும் நாள் கடத்தினோம். புத்தளத்தில் கற்பிக்கும் நண்பர் ஒருவர் நானாவின் இருப்பிடத்தைக் கண்டு சொன்ன பின்னரே புறப்பட்டோம்.

நிற்க. அந்தக் கருவி எத்தகையது என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும். தச்சர் பலகைகளை ஒட்டும்போது இறுக்கப் பயன்படுத்தும் திருகுக் கவ்வி ஒன்று. அதன் ஒரு நுனியில் ஒரு சாண் நீளங்கூட இல்லாத இரும்புக் குழாய்த் துண்டு பற்றவைக்கப்பட்டுள்ளது. குழாயின் பக்கத்திலே ஒரு சாளரம் வெட்டப்பட்டிருக்கிறது. கவ்வியின் ஒரு கால் வால்வின் தலையைத் தாங்கும். குழாய், வில்லின் மேலுள்ள தட்டை அமுக்கும். திருகைச் சுற்றச் சுற்ற வில் அடங்கும். அப்போது வால்வின் காம்பைப் பற்றியிருக்கும் இரு சிறு கவ்வித் துண்டுகளும் தளரும். சாளரத்தினூடே விரலை விட்டு அவற்றை எடுத்துவிடலாம். இவ்வளவே. கடையிற் பெரும் விலை கொடுத்து வாங்கும் கருவியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

ஆலங்குடாவில் நானாவின் பட்டறை, தென்னங்கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில். முதியவர் ஆகிவிட்டார், ஆயினும் கை நடுங்கவில்லை. அங்கிருந்த கருவிகளிற் பாதிக்கு மேல் அவரே செய்தவை. வெறுங்கையோடு வந்து அகதிக் குடிலில் தங்கிய முதலாண்டிலேயே, நீரிறைக்கும் இயந்திரங்களைத் திருத்தும் தொழிலைத் தொடங்கினாராம். கருவி வாங்கப் பணமில்லை. ஆதலால் கருவியையும் செய்ய வேண்டியதாயிற்று.

அவற்றுட் சிலவற்றை இங்கே கூறுகிறோம். இரும்பறுக்கும் வாளின் ஒடிந்த அலகு ஒன்று ஆணியில் தொங்கியது. சாதாரண அலகின் கனம் ஏறத்தாழ ஓர் அங்குலத்தின் 1000இல் 25 பங்கு. மொறிஸ் மைனர் 1000 வண்டியின் தீப்பொறிச் செருகியில் இருக்க வேண்டிய இடைவெளியும் அதுவே. பற்கள் இருபுறமும் வளைந்திருப்பதால் அவற்றைத் தேய்த்து அகற்றிவிட்டார்; அலகு இப்போது ஓர் அளவுகோல். பால்மாத் தகரம் ஒன்றை வெட்டி வளைத்து, நீர்க்குழாய்க்கு இடும் இறுக்கு வளையத்தால் சுற்றியிருந்தார். பிஸ்டனைச் சிலிண்டரினுள் இறக்கும்போது அதன் வளையங்களை ஒடுக்கிப் பிடிக்க அது உதவும். ஒரு காய்ந்த மரக்கோலின் ஒரு நுனியை இயந்திரத்திலும் மறு நுனியைக் காதிலும் வைத்து, எந்தப் பாகத்திலிருந்து தட்டல் ஒலி எழுகிறது என்பதை மருத்துவர்போல் அறிகிறார். திண்மப் பொருளில் ஒலி நன்கு செல்லும் என்று நாம் வகுப்பிற் படிப்பிப்பதும் இதுவே.

எம்மை மிகவும் கவர்ந்தது மீன் நிறுக்கும் சுருள்வில் தராசு. கடற்றொழிலாளர் கைவிட்ட அதனை நானா வாங்கிச் செப்பனிட்டு வைத்திருக்கிறார். இயந்திரத்தின் தலைப்பகுதியைப் பூட்டும் நட்டுகளை அளவோடு இறுக்க வேண்டும். குறைந்தால் வாயு கசியும்; கூடினால் ஆணி முறியும். மொறிஸ் மைனரின் அத்தகைய நட்டுகளுக்கு 40 இறாத்தல்-அடி திருப்பம் வேண்டும் என்பது கணக்கு. இதனை அளக்கும் சாவி விலையுயர்ந்தது. நானா என்ன செய்கிறார்? சாவியோடு ஒரு குழாயைச் செருகி, நட்டின் நடுவிலிருந்து 2 அடி தூரத்தில் தராசின் கொக்கியை மாட்டுகிறார். குழாய்க்குச் செங்குத்தாகத் தராசை இழுக்கிறார். முள் 9 கிலோவைத் தொட்டதும் நிறுத்துகிறார். 9 கிலோ என்பது ஏறத்தாழ 20 இறாத்தல். 20ஐ 2ஆற் பெருக்கினால் 40. நெம்புகோல் விதியைப் பரீட்சைக்காக மனனம் செய்யும் பிள்ளைகளே, அவ்விதி ஆலங்குடாவில் ஒரு மீன் தராசில் தொங்கிக்கொண்டிருக்கிறது!

இவ்வித்தை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 1962இல் அமெரிக்கா விதித்த வணிகத் தடையின் பின், கியூபா நாட்டு மக்கள் 1950களின் அமெரிக்கக் கார்களைப் பல்லாண்டுகளாக ஓட்டி வந்திருக்கின்றனர். உதிரிப்பாகங்களைத் தாமே கடைந்தும், ரஷ்ய வண்டிகளின் பாகங்களைப் பொருத்தியும் அவற்றுக்கு உயிர் கொடுத்தனர். இலங்கையிலும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் தொடங்கியது. இடையிலே பழைய வண்டிகளைப் பேணிக் காத்தவர்கள் நானாவைப் போன்றோரே. இல்லாமை கற்பிக்கும் பாடம் கடுமையானது. எனினும் அது எளிதில் மறவாது.

ஆயினும் ஒன்றை அழுத்திச் சொல்லல் வேண்டும். எல்லாக் கருவியையும் வீட்டிற் செய்யலாம் என்று எண்ணுவது பேதைமை. "எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்தவன்தான் பாஸ்" என்றார் நானா. காரை உயர்த்தும் ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டியின் கீழே படுத்தல் ஆகாது. உள்ளே வெறுமையான சீமெந்துக் கற்களை முட்டுக் கொடுத்தலும் ஆகாது. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். உறுதியான இரும்புத் தாங்கியையோ, அகன்ற கெட்டி மரக்கட்டைகளையோ தட்டையாக அடுக்கித் தாங்க வேண்டும். தரையில் நிற்கும் சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் தடை இடவேண்டும். ஆலங்குடா மணலில் ஜக்கின் அடி புதைந்துவிடும். 4 அங்குலச் சதுர அடிக்குக் கீழே 1 அடிச் சதுரப் பலகையை வைத்தால் பரப்பு 9 மடங்காகும். மணல்மேல் அழுத்தம் 9இல் ஒரு பங்காகும். இக்காலக் கார்களின் சில்லுக்கருகிலுள்ள பெரிய சுருள்வில்லை அமுக்க வீட்டுக் கருவி எதனையும் அவர் பயன்படுத்துவதில்லை. அது நழுவினால் ஆளைக் கொல்லும் வலிமை உடையது. அதற்குரிய கருவியைப் பணம் சேர்த்துக் கடையில் வாங்கியிருக்கிறார். உளியின் தலை அடிபட்டு விரிந்தால் உடனே தேய்த்துவிடுகிறார். சிதறும் இரும்புத் துணுக்குக் கண்ணைத் தேடி வரும் என்கிறார்.

இவற்றையெல்லாம் பார்த்த பின்பே, பையிலிருந்த சாக்குப் பொதியை எடுத்து நீட்டினோம். எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று வழி முழுதும் எண்ணி வந்த சொற்கள் யாவும் மறந்து போயின. "திங்கட்கிழமை கொண்டு வரச் சொன்னீர்கள், நானா" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அவர் பொதியை அவிழ்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. திருகைச் சுற்றிப் பார்த்தார். சாளரத்தினுள் விரலை விட்டுப் பார்த்தார். "ஐயா இருக்கிறாரா?" என்று கேட்டார். இல்லை என்றோம். ஆயுத பூசையைப் பற்றிச் சொன்னோம். அவர் முகத்திலே சிறு நகை தோன்றியது. "சந்தனம் இரும்புக்கு ஆகாது, தம்பி, எண்ணெய் பூசினாரே, அதுதான் இதைக் காப்பாற்றினது" என்றார்.

பின்னர் உள்ளே சென்று வேறொரு கருவியைக் கொண்டு வந்தார். 1991இல் ஒரு பழைய கட்டிலின் இரும்புச் சட்டத்திலிருந்து அவர் செய்தது. இரண்டையும் அருகருகே வைத்தபோது, புதியதே சிறந்தது என்பது எமக்கும் விளங்கியது. பழையதில் குழாய் சற்றுச் சாய்ந்திருந்தது. "இந்தக் கோணல் அன்றைக்கே எனக்குத் தெரியும். நீங்கள் கொண்டு வந்து தந்ததும் திருத்த இருந்தேன்" என்றார்.

எம் வினாவிற்கு விடை அப்போது கிடைத்தது. கருவிகளை இழந்தவருக்கு, அக்கருவிகளின் குறை எது என்ற அறிவு இழந்துபோகவில்லை. அவ்வறிவே அடுத்த கருவியைச் செய்தது. ஆனால் நேயர்களே, இதனால் இழப்புச் சிறிதாகிவிடாது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது, வல்லவனின் ஆயுதத்தைப் பறிக்கலாம் என்பதற்கு நியாயமன்று.

அன்று மாலை அவர் பழைய கருவியின் குழாயை அறுத்து நேராக்கி மீண்டும் பற்றவைத்தார். முப்பத்தைந்து ஆண்டுகளாகக் காத்திருந்த வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. சூடு ஆறியதும் எண்ணெய் பூசி எம் கையிலேயே கொடுத்தார். "உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆனால் இரவல்தான், திருப்பிக் கொண்டு வரவேண்டும்" என்றார்.

அக்கருவி இப்போது எம் வகுப்பறை மேசையில் இருக்கிறது. மாணவர் சுற்றிச் சுற்றிப் பார்க்கின்றனர். வரும் விடுமுறையில் அவர்களிற் சிலரையும் அழைத்துக்கொண்டு ஆலங்குடாவிற்குப் போக எண்ணியிருக்கிறோம். இம்முறை தவணை தவறமாட்டோம்.