தரப்படுத்தல் என்றொரு சொல்

அகராதி தரும் பொருளை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட சொற்கள் சில உண்டு. 'தரப்படுத்தல்' அவற்றுள் ஒன்று. பரீட்சை நடத்துவோருக்கு அது ஒரு கணக்கு. கடினமான வினாத்தாளையும் எளிதான வினாத்தாளையும் எழுதியவர்களை ஒப்பிடுவதற்கான வழி. ஈழத் தமிழர் ஒருவரிடம் அச்சொல்லை உச்சரித்துப் பாருங்கள். கணக்கைப் பற்றிப் பேசமாட்டார்.

1971இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்கு அனுமதி பெறச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாக இருந்தன. தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 தேவைப்பட்டன. தமிழ்ப் பரீட்சகர்கள் தம் மாணவருக்குப் புள்ளிகளை அள்ளி வழங்குகிறார்கள் என்ற பேச்சு இதற்கு முன்னர் எழுந்திருந்தது. அது நிறுவப்படவேயில்லை. விடைத்தாள்களில் ஒரு பகுதியை வேறு பரீட்சகர்களிடம் கொடுத்துத் திருத்திப் பார்த்து, முடிவை ஊரறிய வெளியிடுவதே அத்தகைய ஐயத்துக்கு மருந்து. அதை விடுத்து வெட்டுப்புள்ளியில் கைவைத்தார்கள். 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. பின்னர் நேர்ந்தவற்றை வாசகர்கள் அறிவர்.

இது பழங்கதை என்று சொல்வோர் 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையை நினைத்துப் பார்க்கலாம். அவ்வாண்டு புதிய பாடத்திட்டத்தில் ஒரு சாராரும் பழைய பாடத்திட்டத்தில் மற்றொரு சாராரும் எழுதினர். 2001 முதல் அனுமதிக்கு அடிப்படையாக இருப்பது இசட் புள்ளி: பாடத்தின் சராசரியிலிருந்து மாணவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதை, அப்பாடத்தில் புள்ளிகள் பரவியுள்ள அளவைக் கொண்டு சொல்லும் எண். யாருடைய சராசரி என்பதே அங்கு உயிர்நாடி. இரு சாராரையும் ஒரே தொகுதியாகக் கலந்து கணக்கிட்டார்கள். 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை நீக்கி, இரண்டையும் வெவ்வேறாகக் கொண்டு மீளக் கணிக்கும்படி உத்தரவிட்டது. நான்காம் தசம இடத்தில் மருத்துவபீடம் கைதவறிப் போகும் நாட்டில், புள்ளியியலில் தொடக்கநிலை மாணவரும் எழுப்பக்கூடிய கேள்வியை நீதிமன்றப் படியேறித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. அந்த மாதங்களைக் காத்திருந்தே கழித்த பிள்ளைகளுக்கு யார் கணக்குச் சொல்வது?

வினாத்தாள் தயாரித்து, பரீட்சை நடத்தி, திருத்தி, பெறுபேறு வெளியிடும் திணைக்களமே தன் வேலையின் தரத்துக்கும் சான்று வழங்குவது முறையன்று என்பது நம் கருத்து. தென்னாப்பிரிக்காவில் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 'உமலுசி' என்ற தனி அமைப்பு உண்டு. அவ்வூர் மொழியில் அதற்கு மேய்ப்பர் என்று பொருளாம், நல்ல பெயர். கல்வித் திணைக்களம் நடத்தும் பள்ளியிறுதித் தேர்வின் பெறுபேறுகள் அதன் ஒப்புதலின்றி வெளிவரா. அங்கும் வினாத்தாள் கசிந்ததுண்டு, வழக்குகள் நடந்ததுண்டு. ஆயினும் கேள்வி கேட்பதற்கென்றே ஒருவர் இருக்கிறார்.

இரகசியம் காக்க வேண்டும் என்பார்கள். 2024 ஜனவரியில் விவசாய விஞ்ஞான வினாத்தாள் கசிந்து, பரீட்சையை மீண்டும் நடத்த நேர்ந்ததையும் கண்டோம். பரீட்சைக்கு முன்வரை வினாத்தாள் மூடியிருக்கட்டும். மீளத்திருத்தியபோது பரீட்சகர்களுக்கிடையே கண்ட வேற்றுமையைப் பரீட்சைக்குப் பின்னும் மூடிவைப்பானேன்?

மொழியில் நாட்டமுள்ள நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. மும்மொழிகளில் வெளியாகும் வினாத்தாளில் ஒரு 'மட்டும்' இடம் மாறி விழுந்தால், பௌதிகம் அறிந்த பிள்ளையும் தடுமாறும். வெட்டுப்புள்ளியில் அது தெரியாது. பாடம் தெரியாத பிள்ளை என்றே பதிவாகும். மூலத்தைக் காணாத தமிழாசிரியர் ஒருவரும் பாட ஆசிரியர் ஒருவரும் தமிழ் வினாத்தாளை மட்டும் வாசித்து, தமக்கு விளங்கியதை எழுதித் தரட்டும். அதனை மூலத்தோடு ஒப்பிட்ட பிறகு அச்சுக்கு அனுப்பலாம். ஒரு பாடத்துக்கு ஒரு பிற்பகல் போதும்.